கோர்னெல் மூட்டிவிட்ட கோபம்

போலந்தில் எங்கள் ஒல்ஷானி ஊரில் கோர்னெலிடம் முடி வெட்டிக்கொள்ளப் போகிறவன் பொறுமையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கத்தரி ஓடுகிற நேரமெல்லாம் அவர் வாயும் ஓடும். பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டு, போன குளிர்காலத்து நாடகத்தில் ராஜா எப்படிச் செத்தான் என்று தரையில் விழுந்தே காட்டுவார். நாற்காலியில் இருப்பவன் சோப்பு நுரையோடு கைதட்ட வேண்டும். தட்டாவிட்டால் இன்னொரு தடவை சாவார்.

முடி வெட்டுவது வயிற்றுப்பாட்டுக்கு. மனசு முழுக்கத் தீயணைப்புக் கொட்டகையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் தீயணைப்புப் படை என்றால் சம்பளக்காரர்கள் இல்லை, ஊர் ஆண்கள்தான். தீப்பிடித்தால் கைப்பம்பைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். பிடிக்காத நாட்களில் பித்தளைக் குழல் ஊதுவார்கள், கொட்டகையில் நாடகம் போடுவார்கள். கோர்னெல்தான் அங்கே எல்லாம். கதை எழுதுவார், ஆள் பொறுக்குவார், ராஜாவாகவும் நடிப்பார், ராஜாவின் மீசையையும் அவரே செய்வார். பெண்டாட்டி பிள்ளை என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

சொந்தம் என்று இருந்தது தங்கை ஃபெலா ஒருத்தி. அவள் புருஷன் வின்சென்டி வண்டிக்காரன். ஆள் கதவு நிறைய இருப்பான், மனசு பச்சைப்பிள்ளை. அவர்கள் மகள் ரோஸால்காவுக்குக் கோர்னெல்தான் ஞானத்தந்தை. அவளுக்கு ஆறு வயதானபோது யுத்தம் வந்தது. ஊரே கிழக்கு நோக்கி ஓடியது. சாலையில் ஜெர்மன் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து சுட்டுவிட்டுப் போனது. வின்சென்டி மிரண்ட குதிரைகளைப் பிடிக்க ஓடினான். அதற்குள் விமானம் திரும்பி வந்தது. பள்ளத்தில் கிடந்த ரோஸால்கா "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள். அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு வின்சென்டி அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வண்டி ஓட்டினான், சாப்பிட்டான், யார் ஜோக் சொன்னாலும் முதலில் சிரித்தான்.

ஜெர்மானியர்கள் ஊருக்குள் வந்ததும் மேடைக்குப் பூட்டுப் போட்டார்கள். பம்பை மட்டும் விட்டுவைத்தார்கள், அவர்கள் இருந்த வீடுகளும் தீப்பிடிக்கும் அல்லவா! கோர்னெல் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வசனத்தைச் சோப்புக் குப்பிகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில், யுத்தத்தின் இரண்டாவது வசந்தத்தில், ஈஸ்டர் முடிந்த கையோடு சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மூன்று லாரி, விளக்குகள், ஒரு பெரிய கேமரா. இயக்குநர் வியன்னாக்காரர், வந்ததும் நேராகச் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். கோர்னெல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் படையில் இருந்தவர், ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. எந்த ரெஜிமென்ட் என்று இவர் கேட்க, அதற்கு அவர் பதில் சொல்ல, சவரம் முடிவதற்குள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

"இந்த நாட்டுப் பழக்கவழக்கங்களைப் படம் பிடிக்கிறோம். உங்க ஊர்ல ஈஸ்டர் திங்கட்கிழமை தண்ணி ஊத்துவீங்களாமே? அதை எனக்குக் காட்ட முடியுமா? உங்களை மாதிரி ஒரு கலைஞர் கூட இருந்தா வேலை சுலபம்" என்றார் இயக்குநர்.

கலைஞர்! அந்த ஒரு வார்த்தைக்குக் கோர்னெல் தலையையே கொடுத்திருப்பார். கொடுத்தது வேறொருவன் தலையை.

ஈஸ்டர் திங்கட்கிழமை எங்கள் ஊரில் ஆண்கள் பெண்களைத் துரத்தித் துரத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். பெண்கள் வீட்டுக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொள்வார்கள். தாழைத் தட்டித் திறந்து, இழுத்து வந்து நனைப்பார்கள். வாளி போதாது என்று தீயணைப்புப் பம்பும் வரும். கத்தலும் கூச்சலுமாக ஊர் கிடுகிடுக்கும். நனையாமல் தப்பிய பெண்ணுக்குத்தான் அவமானம், அவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவள் அம்மா ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

கோர்னெல் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினார். சூப்பும் ரொட்டியும் உண்டு என்றதும் பசித்த ஊர் வராமல் இருக்குமா? முதலில் தடுக்கப் பார்த்தது ஃபெலாதான். படத்துக்கென்று ஒரு வண்டி நிறையப் பழைய உடுப்புகள் வந்திருந்தன. யூதர்களை விரட்டிவிட்ட தெருவிலிருந்து அள்ளிய உடுப்புகள். அதில் தன் தையற்காரியின் சால்வையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணா, இது வேண்டாம். இவனுங்க நல்லதுக்கு வரலை. வார்சாவுல பெரிய பெரிய நடிகருங்களே இவனுங்க படத்துல நடிக்க மாட்டோம்னு ஓட்டல்ல மேசை துடைக்கிறாங்களாம். இவனுங்க சினிமாவைப் பாக்கப் போறவனையே பன்றின்னு நம்ம ஆளுங்க சுவத்துல எழுதறாங்க. நமக்கு எதுக்கு?"

"அடி போடி! அவங்க கதைப் படத்துக்கு மாட்டேன்னாங்க. இது வெறும் பழக்கவழக்கம். தண்ணி ஊத்தறதுல என்ன அரசியல் வந்துச்சு?"

"உனக்கு மேடைன்னா கண்ணு தெரியாது."

உண்மையில் கோர்னெலுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. மறுநாள் காலை மருந்துக்கடைக் கதவுக்கு மேல் இரண்டு பேர் ஏணி போட்டு ஒரு பலகை மாட்டினார்கள். 'ஜெர்மன் பள்ளி' என்று ஜெர்மன் எழுத்தில் எழுதியிருந்தது. ஒல்ஷானியில் ஜெர்மன் பள்ளி என்று ஒன்று இருந்ததே கிடையாது. கூட்டத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். படித்தார். இன்னொரு தடவை படித்தார். அந்த நேரம் பார்த்து இயக்குநர் அவர் தோளில் கை போட்டு, கேமராவின் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். சின்னச் சதுரத்துக்குள் தன் ஊர் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. பலகையைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நனைய வேண்டிய பெண்ணை அவர்களே கூட்டி வந்திருந்தார்கள். நீலக் கோட்டுப் போட்ட ஒல்லியான ஜெர்மன் நடிகை. கதவைத் தட்டி அவளை இழுத்து வந்து வாளியைக் கவிழ்க்க வேண்டியது வின்சென்டி. கோர்னெல்தான் பொறுக்கிக் கொடுத்தார். அந்த உடம்பும் அந்தத் தாடையும் கேமராவுக்கு எடுபடும் என்றார். ஆனால் வின்சென்டி செடிக்கு ஊற்றுவதுபோல ஊற்றினான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். ஊற்றிவிட்டு, "மச்சான், பொண்ணு நடுங்குது, சூடா பால் வாங்கிக் குடுக்கச் சொல்லு" என்றான்.

"சிரிக்கக் கூடாது. கோபம் வேணும். தண்ணி ஊத்த வந்தவன் மூஞ்சிலே அவ கதவைச் சாத்திட்டா, அந்தக் கோபம்" என்றார் இயக்குநர்.

வின்சென்டிக்குக் கோபம் வரவில்லை. மூக்கை விடைத்தான், கண்ணை உருட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுபடி, மறுபடி. இயக்குநர் சலித்துப்போய் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார். கோர்னெலுக்கு மானம் போய்விட்டது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி வின்சென்டியின் அருகில் போனார். காதோடு வாயை வைத்தார்.

"மாப்ளே, அந்த விமானம் திரும்பி வந்தப்போ ரோஸால்கா உன்னைக் கூப்பிட்டாளே, ஞாபகம் இருக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். வின்சென்டியின் முகம் மாறியது. அவன் கதவை அடித்த அடியில் தாழ்ப்பாள் தெறித்தது. நீலக் கோட்டுக்காரியை இழுத்து வந்து தண்ணீரைக் கவிழ்த்தபோது அவள் நிஜமாகவே அலறினாள். பம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் கைப்பிடியை விட்டுவிட்டு நின்றார்கள். இயக்குநர் ஓடி வந்து கோர்னெலை இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

வின்சென்டி பம்புக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். கோர்னெல் முதுகைத் தடவிவிட்டார்.

"அதை ஏன் மச்சான் சொன்னே?"

"நடிப்புக்குடா. நடிப்புன்னா அப்படித்தான், உள்ளே இருக்கறதைத் தோண்டணும்."

"அப்படியா? சரி. உனக்குத் தெரியும்." வாயைத் துடைத்துக்கொண்டு சூப்புக்கு வரிசையில் போய் நின்றான். அவன் மன்னித்துவிட்டான், பாவி மனுஷன். கோர்னெலுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனால் அது சந்தோஷத்தில் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் படம் ஜில்லாத் தலைநகருக்கு வந்தது. சிப்பாய்களுக்கு மட்டும், எங்களுக்கு அனுமதி இல்லை. படம் ஓட்டுகிறவன் கோர்னெலின் பழைய வாடிக்கைக்காரன். தன் அறையின் பொந்து வழியாகப் பார்க்க விட்டான். ஈஸ்டரும் இல்லை, பழக்கவழக்கமும் இல்லை. போலந்துக்காரக் காட்டுமிராண்டிகள் ஒரு ஜெர்மன் பள்ளிக்கூடத்தைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கத்துகிறார்கள். அத்தனையும் தெரிந்த முகங்கள், இவர் முடி வெட்டிவிட்ட தலைகள். கதவு உடைகிறது. வின்சென்டி இளம் ஆசிரியையை இழுத்து வந்து அவள்மேல் வாளியைக் கவிழ்க்கிறான். படத்தில் அது தண்ணீர் இல்லை, மண்ணெண்ணெய். அடுத்த காட்சியில் பள்ளிக்கூடம் எரிகிறது. கடைசியில் ஜெர்மன் டாங்கிகள் வந்து மிச்சமிருக்கிறவர்களைக் காப்பாற்றுகின்றன. எதற்காக எங்கள் நாட்டுக்குள் புகுந்தார்கள், எதற்காக எங்களை இப்படி மிதிக்கிறார்கள் என்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை எங்கள் முகத்தை வைத்தே செய்துகொண்டார்கள். வின்சென்டியின் முகம் திரை முழுக்க வந்தபோது கீழே இருட்டில் சிப்பாய்கள் உறுமினார்கள். விமானத்தில் வந்து தன் மகளைச் சுட்டவன்மேல் அவனுக்கு இருந்த வெறுப்பு, சும்மா ஒரு பெண்ணை எரிக்கிறவனின் வெறுப்பாகத் தெரிந்தது.

கோர்னெல் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. எச்சரித்திருக்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு எங்காவது போய் இரு என்று வின்சென்டியை அனுப்பியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பானே, அதற்கு என்ன சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பனி விழும்வரை தள்ளிப்போட்டார். கடையில் அவர் வாய் ஓய்ந்துவிட்டது. உடம்பு சரியில்லையோ என்று ஊர் கவலைப்பட்டது.

குளிர்காலத்தில் புதிய ஜெர்மன் காவல்படை வந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த இளவட்டங்கள். சந்தையில் விறகு இறக்கிக்கொண்டிருந்த வின்சென்டியை ஒருவன் கண்டுகொண்டான். "டீச்சரைக் கொன்றவன்!" என்று கத்தித் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். வின்சென்டிக்கு ஒன்றும் புரியவில்லை, பல்லில் ரத்தத்தோடு சிரித்துச் சமாளிக்கப் பார்த்தானாம். படத்தில் பெண்மேல் மண்ணெண்ணெய் ஊற்றியவன் இவன் என்று அரைகுறைப் போலிஷில் சந்தை முழுக்கக் கத்திக்கொண்டே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஃபெலா தலைமுக்காடு நழுவ ஓடி வந்தாள். "அண்ணா! உனக்கு அவங்க பாஷை தெரியும். போய்ச் சொல்லு! அது தண்ணிதான்னு சொல்லு! ஊரே பாத்துச்சே! உன்னாலதானே அவர் போனாரு?"

கோர்னெல் சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். காவல்படை இருந்த கட்டடத்துக்குள் போனவர்கள் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. உள்ளே அதிகாரி மேசைக்குப் பின்னால் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். சுவரோரம் வின்சென்டி நின்றான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மச்சானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா மச்சான்? இவங்களுக்குக் கொஞ்சம் வெவரம் சொல்லு."

கோர்னெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜெர்மனில் சொன்னார். ஈஸ்டர் பழக்கம், தண்ணீர், மருந்துக்கடை, மாட்டிய பலகை, எல்லாவற்றையும்.

அதிகாரி கேட்டுக்கொண்டான். முட்டாள் இல்லை அவன், அதுதான் கொடுமை. "ஆக, ஜெர்மன் அரசாங்கம் எடுத்த படம் பொய் என்கிறாய்."

அறையில் எல்லோரும் கோர்னெலைப் பார்த்தார்கள். பொய் என்றால் அவருக்குக் கயிறு. உண்மை என்றால் வின்சென்டிக்குக் கயிறு. தொப்பியைப் பிசைந்தார்.

"இல்லை, ஐயா. படம் உண்மை. போலந்துக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இவன் அந்த ஆள் இல்லை. இவன் நடிகன்."

தன் வாயால் சொன்னார். பிறகு ஆயுள் முழுக்க எத்தனையோ தடவை வாயைக் கொப்பளித்துத் துப்பினார், அந்தச் சொல் போகவில்லை.

"நடிகனா? இந்த மாடா? சரி, நடிக்கட்டும். அந்த முகத்தை எனக்குக் காட்டட்டும். காட்டினால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் கொலைகாரன்." ஆப்பிளை மேசைமேல் வைத்தான்.

கோர்னெல் போலிஷில் சொன்னார். "மாப்ளே, அன்னைக்கு மாதிரி கோபப்படு. படத்துல பட்டியே, அது மாதிரி."

வின்சென்டி முயன்றான். மூக்கை விடைத்தான். மூடாத ஒற்றைக் கண்ணை உருட்டினான். காவலர்கள் சிரித்தார்கள். பயத்தில் அவனும் சேர்ந்து சிரித்தான். "வரலையே மச்சான்" என்றான். அதிகாரி சிரிக்கவில்லை. கதவருகே நின்றவனிடம் கையைக் காட்டினான். அவன் வந்து வின்சென்டியின் காலரைப் பிடித்தான்.

கோர்னெல் எட்டிப்போய் அவன் காதருகே குனிந்தார். அந்த அறையில், அந்தச் சீருடைகளுக்கு நடுவில், அவர்கள் விளையாட்டுக்காக, செத்த பிள்ளையை இரண்டாம் தடவை எடுத்தார்.

"மாப்ளே, ரோஸால்கா கூப்பிட்டா. நீ போகலை. குதிரை பின்னால ஓடினே."

போன தடவை சொல்லாதது அந்தக் கடைசி வார்த்தை. முன்பு சொன்னது மட்டும் போதாமல் போய்விடுமோ என்று பயந்து சேர்த்துக்கொண்டார்.

முகம் வந்தது. வின்சென்டி ஜெர்மானியர்கள் பக்கம் திரும்பவே இல்லை. கோர்னெலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைகள் எழுந்து பாதியில் நின்றன. காலரைப் பிடித்திருந்தவன் பயந்து விட்டுவிட்டான். கோர்னெல் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினார்.

அதிகாரி மெதுவாகக் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். "அற்புதம். இவனை வீட்டுக்கு அழைத்துப் போ. நடிகன் அவன் இல்லை, அது எனக்குத் தெரிகிறது. ஆனால் நீ நல்ல இயக்குநர்." ஆப்பிளை எடுத்துக் கடித்தான்.

பனியில் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். வின்சென்டி முன்னால், கோர்னெல் பின்னால். "வேற வழி தெரியலைடா" என்றார் கோர்னெல். வின்சென்டி திரும்பாமல் நடந்தான். வீட்டில் ஃபெலா அண்ணன் கையைப் பிடித்து முத்தமிட்டாள், அழுதாள், தெய்வமே என்றாள். வீட்டில் இருந்த கடைசிப் பன்றிக்கொழுப்பை வறுத்துப் பீட்ரூட் சூப்பில் போட்டாள். வின்சென்டி வீங்கிய வாயோடு சூப்பைக் குடித்து முடித்தான். கரண்டியை வைத்தான்.

"மச்சான், நீ என் உசிரைக் காப்பாத்தினே. இந்த வீட்டுல உனக்கு எப்பவும் சாப்பாடு உண்டு. ஆனா எம் பொண்ணு பேரு இனிமே உன் வாயில வரக்கூடாது."

"என்னங்க பேசறீங்க? அண்ணா அவளுக்கு ஞானத்தந்தை!" என்றாள் ஃபெலா.

"சரி" என்றார் கோர்னெல்.

யுத்தம் முடிந்தது. எதிரிக்கு உதவிய குற்றம் என்று அந்தப் படத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு விசாரித்தார்கள். கோர்னெல் பலகையைப் பற்றிக்கூடச் சொன்னார், தண்டனை கிடைத்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் ஊர் அவருக்காகச் சாட்சி சொல்லி அழுதது. தங்கை புருஷனைப் புலி வாயிலிருந்து மீட்டவர் என்றது. விட்டுவிட்டார்கள். புதிய அரசாங்கமும் சினிமா எடுத்தது. அதில் எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே செங்கல் அடுக்கினார்கள். யாரும் அப்படி அடுக்கியதை நான் பார்த்ததில்லை. கொட்டகை மேடையைத் திறந்து வைத்து, வாருங்கள் என்று கோர்னெலைக் கூப்பிட்டார்கள். தோள்வலி என்றார். அதன்பிறகு கடையில் அவர் முடியை மட்டும் வெட்டினார்.

ஃபெலாவுக்கு யுத்தத்தின்போதே ஒரு மகன் பிறந்தான். அவன் வளர்ந்து கல்யாணம் செய்து, அவனுக்கு ஒரு பெண் பிறந்ததும், யாரையும் கேட்காமல் செத்துப்போன அக்காவின் பெயரையே வைத்தான். கோர்னெலுக்கு அப்போது எழுபது வயது. ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில்தான் சாப்பாடு. குழந்தைக்கு மிட்டாய் கொண்டுவருவார், முதுகில் தூக்குவார், அவளுக்கென்று ராஜாவாகக்கூட ஒரு தடவை செத்துக் காட்டினார். கண்ணு என்பார், குட்டி என்பார், ராசாத்தி என்பார்.

அவளுக்கு ஐந்து வயதான ஒரு ஞாயிறு, எல்லோரும் மேசையில் இருந்தார்கள். ஃபெலா சூப் ஊற்றினாள். வின்சென்டி ரொட்டியை மார்போடு அணைத்து வெட்டிக்கொண்டிருந்தான். குழந்தை கோர்னெலின் மடியில் ஏறி, இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"தாத்தா, எல்லாரும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்க. நீங்க மட்டும் சொல்றதே இல்லை. உங்களுக்கு என் பேரு தெரியாதா?"

கோர்னெல் வின்சென்டியைப் பார்த்தார். ஒரு தலையசைப்பு போதும் என்று பார்த்தார். வின்சென்டி தலை நிமிரவில்லை. ரொட்டியை வெட்டி முடித்து, நல்ல துண்டாகப் பார்த்து ஒன்றை மச்சான் தட்டில் வைத்தான்.

"மறந்துபோச்சு கண்ணு, தாத்தாவுக்கு வயசாயிடுச்சு" என்றார் கோர்னெல்.

"அவ்வளவுதானே, நான் சொல்லித் தரேன்!" என்று குழந்தை குஷியாக ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இப்போ நீங்க சொல்லுங்க, தாத்தா. சொல்லுங்க."